காதுக்கு இமை இல்லை
திரைப்பட ஒலியும் தொகுப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

திரைப்படத்தைத் தமிழர் ‘பார்க்கின்றனர்’. ‘படம் கேட்டேன்’ என்று கூறுவார் எவருமில்லை. பேசாப் படங்கள் மறைந்து பேசும்படங்கள் வந்தபோதுகூடப் ‘பேசும்’ என்னும் அடைமொழிதான் புதிதாகச் சேர்ந்தது. ‘படம்’ என்னும் பெயர்ச்சொல் அசையாமல் நின்றது. காட்சியே தலைமை, ஒலி அதற்குத் துணை என்னும் எண்ணம் அந்தச் சொல்லாட்சியிலேயே படிந்து கிடக்கிறது. ஆயினும், திரையரங்கின் இருளில் அமர்ந்திருப்பவர் அஞ்சும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியும். காதை அவ்வாறு மூட இயலாது. காதுக்கு இமை இல்லை. இந்த எளிய உண்மையை முழுதும் உணர்ந்துகொள்ளத் திரைக்கலைக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் தேவைப்பட்டன.

அந்த நூறாண்டின் தொடக்கத்திலேயே ஒரு பிரிவு நிகழ்ந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் எடிசனின் ஆய்வுக்கூடம் இருந்தது. 1894ஆம் ஆண்டின் இறுதியிலோ 1895இன் தொடக்கத்திலோ அவருடைய உதவியாளர் டிக்சன், பெரிய கொம்பு வடிவ ஒலிவாங்கியின் முன்னே நின்று வயலின் வாசித்தார். அருகே இரு ஆடவர் கைகோத்து ஆடினர். படம் சுருளில் பதிந்தது. இசை மெழுகு உருளையில் பதிந்தது. பின்னர்ச் சுருள் ஓரிடத்திலும் உருளை வேறோரிடத்திலுமாகத் தங்கின. உருளை உடைந்தும் போயிற்று. உடைந்த உருளையைச் செப்பனிட்டு, அதன் இசையைக் கணிப்பொறியின் துணையுடன் படத்தோடு பொருத்தியவர் ஒரு படத்தொகுப்பாளர். ஆண்டு 2000. அந்தப் படம் ஓடும் நேரம் 20 விநாடிக்கும் குறைவு. அதன் ஒலியும் காட்சியும் சந்தித்துக்கொள்ள ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

இச்செய்தி ஒரு விந்தை மட்டுமன்று. திரைப்பட ஒலியின் இயல்பையே அது எடுத்துக்காட்டுகிறது. வாழ்க்கையில் ஒலியும் பொருளும் பிரியாமல் பிறக்கின்றன. குடம் விழுந்தால் சத்தமும் அதனுடனேயே எழுகிறது. திரையில் அவ்வாறன்று. அங்கே காட்சியை ஒரு கருவியும் ஒலியை மற்றொரு கருவியும் தனித்தனியே பதிவுசெய்கின்றன. இரண்டையும் சேர்ப்பது ஒரு மனிதரின் கை. சேர்க்கத் தெரிந்த கைக்கு மாற்றிச் சேர்க்கவும் தெரியும். சேர்க்காமல் விடவும் தெரியும். ஒலிக்கலையின் வரலாறு இந்த உரிமையை உணர்ந்தவர்களின் வரலாறே எனலாம்.

ஊசியும் சுருளும்

‘மௌனப்படம்’ என்று இன்று வழங்கும் படங்கள் மௌனமாக ஓடியவை அல்ல. பியானோவோ வாத்தியக் குழுவோ அரங்கில் இசைத்தது. ஜப்பானில் ‘பென்ஷி’ என்னும் கதைசொல்லிகள் திரையருகே நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தனர். ஆகவே, திரையரங்கில் உண்மையான மௌனம் என்பது ஒலி வந்த பிறகே சாத்தியமாயிற்று. இடைவிடாது இசைத்த வாத்தியக்காரர் வெளியேறிய பின்னரே, ஒலியை நிறுத்திக் காட்டவும் ஒருவரால் முடிந்தது.

1927 அக்டோபர் 6ஆம் நாள் நியூயார்க்கில் ‘தி ஜாஸ் சிங்கர்’ திரையிடப்பட்டது. அதன் ஒலி படச்சுருளில் இல்லை. 16 அங்குல அகலமுள்ள இசைத்தட்டில், நிமிடத்திற்கு 33 1/3 சுற்று வேகத்தில் சுழன்றது. ‘விட்டாஃபோன்’ என்று பெயர்பெற்ற இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. சுருள் அறுந்து, அறுந்த பகுதியை வெட்டி ஒட்டினால், இழந்த பிரேம்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கறுப்புப் பிரேம்களைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் ஊசி ஒருபுறமும் உதடு மறுபுறமும் ஓடும். கதாநாயகி பேசுவது வில்லனின் வாயசைவில் வந்து விழும். தொகுப்பாளரின் கத்தரிக்கோல் கட்டுண்டது. கேமராவின் இரைச்சல் ஒலிவாங்கியில் பதியாதிருக்க, கேமராவையும் ஒளிப்பதிவாளரையும் காற்றுப் புகாத அறைக்குள் அடைத்தனர். பேசாப் படத்தின் இறுதி ஆண்டுகளில் பறந்து திரிந்த கேமரா பேசத் தொடங்கியதும் முடங்கிப்போயிற்று.

ஒலியைச் சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதியும் முறை விரைவில் வென்றது. ஒளிக்கதிர் அக்கோட்டினூடே பாய்ந்து மின்கலத்தில் பட, மின்துடிப்பு ஒலியாகிறது. விநாடிக்கு 24 பிரேம் என்னும் நிலையான வேகம் ஒலியின் பொருட்டே நிலைபெற்றது. இம்முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. படம் ஒளிச்சாளரத்தின் முன் நின்று நின்று நகர வேண்டும். ஒலியோ தடையின்றி ஓட வேண்டும். எனவே, ஒரு பிரேமுக்குரிய ஒலியை ஏறத்தாழ 20 பிரேம்கள் முன்னதாக அச்சிட்டனர். இரண்டும் ஒரே சுருளில் குடியிருந்தும், காட்சியும் அதன் ஒலியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததில்லை.

இந்தியாவின் முதல் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14இல் பம்பாயில் வெளியாயிற்று. ஸ்டுடியோவிற்கு அருகிலேயே இரயில் பாதை. ஆகவே, வண்டிகள் ஓயும் நள்ளிரவுக்குப் பின் படப்பிடிப்பு நிகழ்ந்தது. இசைக் கலைஞர்கள் கேமராவின் கண்ணில் படாமல் மறைந்திருந்து வாசித்தனர். அதே ஆண்டு அக்டோபர் 31இல், எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ சென்னைக்கு வந்தது. டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்தன. ஒரே காட்சியில் இரு மொழி கேட்டும் மக்கள் மகிழ்ந்தனர். திரையிலிருந்து குரல் வருகிறது என்பதே அன்று போதுமான அற்புதமாக இருந்தது. இவ்விரு படங்களின் பிரதிகளும் இன்று இல்லை.

உதட்டிலிருந்து விடுதலை

அற்புதத்தின் ஆயுள் குறுகியது. அதனை முன்னுணர்ந்தோர் உருசியத் திரைக்கலைஞர்கள். 1928இல் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்திரவ் ஆகிய மூவரும் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டனர். அவர்கள் நாட்டில் பேசும்படம் அப்போது வந்திருக்கவில்லை. உதட்டசைவோடு ஒட்டிக்கொள்ளும் ஒலி படத்தொகுப்பைக் கொன்றுவிடும் என்றும், காட்சிக்கு எதிர்நிலையில் நின்று அதனோடு உறவாடும் ஒலியே தொகுப்புக்கலைக்குப் புதிய வலிமை தரும் என்றும் அவர்கள் வாதிட்டனர். காட்சி கூறுவதையே ஒலியும் கூறுமானால் இரண்டில் ஒன்று வீண் என்பது அவ்வாதத்தின் சாரம். செய்யுளில் ஒரே பொருளை இருமுறை கூறுதலைக் குற்றம் என்று பயின்ற கவிஞர்க்கு இவ்வாதம் புதிதாகத் தோன்றாது.

கோட்பாடாக உருசியர் கூறியதை இலண்டனில் ஹிட்ச்காக் தொழிலாகச் செய்து காட்டினார். அவருடைய ‘பிளாக்மெயில்’ (1929) பேசாப் படமாகத் தொடங்கி, இடையில் பேசும்படமாக மாற்றப்பட்டது. கதாநாயகியாகிய ஆனி ஒண்ட்ரா செக் நாட்டவர். அவருடைய ஆங்கில உச்சரிப்பு இலண்டன் பெண்ணுக்குப் பொருந்தவில்லை. பிற்காலத்து டப்பிங் முறை அன்று இல்லை. எனவே, ஒண்ட்ரா கேமராவின் முன் வாயசைக்க, ஜோன் பாரி என்னும் நடிகை கேமராவின் எல்லைக்கு வெளியே நின்று அதே கணத்தில் வசனம் பேசினார். குரல் ஒருவருடையது, உடல் மற்றொருவருடையது என்னும் ஏற்பாடு பேசும்படம் பிறந்த ஈரிரண்டு ஆண்டுகளிலேயே அரங்கேறிவிட்டது.

அப்படத்தின் காலை உணவுக் காட்சி திரைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. கதாநாயகி முந்திய இரவு தன்னைத் தாக்க வந்தவனைக் கத்தியால் கொன்றிருக்கிறாள். எவருக்கும் தெரியாது. அண்டை வீட்டுப் பெண் அந்தக் கொலையைப் பற்றியே வாய் ஓயாமல் பேசுகிறாள். அவள் சொற்கள் மெல்ல மெல்ல மங்கித் தெளிவற்ற முணுமுணுப்பாகின்றன. ‘கத்தி’ என்னும் ஒரு சொல் மட்டும் மீண்டும் மீண்டும் கூர்மையாக எழுகிறது. மேசையின் மேல் ரொட்டி வெட்டும் கத்தி கிடக்கிறது. அங்கே கேட்பது அறையிலுள்ள ஒலி அன்று. குற்றவுணர்வு கொண்ட ஒரு மனத்தின் காதில் விழும் ஒலி. கேமரா வெளியே நிற்க, ஒலிவாங்கி மனத்திற்குள் புகுந்துவிட்டது.

1931இல் பெர்லினில் ஃபிரிட்ஸ் லாங் உருவாக்கிய ‘எம்’ இன்னும் ஒருபடி மேலே சென்றது. குழந்தைகளைக் கொல்பவனைப் பார்வையாளர் முதலில் நிழலாகவே காண்கின்றனர். அவன் அடையாளம், நார்வே இசைமேதை கிரீக்கின் மெட்டொன்றை அவன் சீழ்க்கையடிப்பது. அப்பாத்திரத்தில் நடித்த பீட்டர் லோரேவுக்குச் சீழ்க்கையடிக்க வராது. திரையில் கேட்பது வேறொருவர் சீழ்க்கை. நகரத்துக் காவலர் அனைவரும் தேடியும் கிடைக்காதவனைக் கண்டுகொள்பவர் பலூன் விற்கும் ஒரு பார்வையற்றவர். கண்ணுள்ள நகரம் காணாததைக் காது கண்டது. சீழ்க்கை கேட்டதும் திரை வெறுமையாக இருந்தாலும் அரங்கம் நடுங்கியது. கொலையாளியைக் காட்ட வேண்டிய தேவையே இல்லாது போயிற்று.

தொகுப்பாளர்க்கு ஒலி தந்த மற்றொரு வரம், வெட்டைத் தாண்டிச் செல்லும் ஆற்றல். ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’ (1935) படத்தில் பிணத்தைக் காணும் பணிப்பெண் அலற வாய் திறக்கிறாள். வெளிப்படுவது இரயிலின் ஊதல். அடுத்த காட்சியில் குற்றஞ்சாட்டப்பட்டவன் தப்பிச்செல்லும் வண்டி சுரங்கத்திலிருந்து பாய்கிறது. ஓர் ஒலி இரு காட்சிகளையும் தைத்துவிட்டது. முந்திய அடியின் ஈறு அடுத்த அடியின் தலையாவதை அந்தாதி என்று அறிந்தவர்க்கு, இம்மாதிரித் தொகுப்பின் இன்பத்தை விளக்க வேண்டுவதில்லை.

பெயரற்ற கைகள்

இத்தகைய ஒலிகளைச் செய்தோர் யார்? பெரும்பாலோரின் பெயர்கள் திரையில் வந்ததில்லை. ‘கிங்காங்’ (1933) படத்தின் உறுமலை மர்ரே ஸ்பிவாக் உருவாக்கினார். சிங்கம், புலி ஆகியவற்றின் குரல்களைப் பதிந்து, வேகத்தைக் குறைத்தும் தலைகீழாக ஓட்டியும் கலந்து, உலகில் இல்லாத ஒரு விலங்குக்குத் தொண்டை கொடுத்தார்.

யூனிவர்சல் ஸ்டுடியோவில் பல்லாண்டுகள் உழைத்த ஜாக் ஃபோலி, நடிகர்களுக்காக நடந்தவர். படம் திரையில் ஓட, அதனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பாத்திரத்தின் காலடியையும் தம் காலடியால் பதிவுசெய்தார். இருவகைக் காலணிகளும் ஒரு கைத்தடியும் அவருக்கு ஒரு சிறு கூட்டத்தையே உண்டாக்கப் போதுமானவை. அவர் வழிவந்த கலைஞர் தோற்பையில் சோளமாவை அழுத்திப் பனியில் நடக்கும் ஓசையை எழுப்புவர். செலரித் தண்டை முறித்து எலும்பை முறிப்பர். உண்மையான ஓசையைவிடப் பொய்யான ஓசையே திரையில் உண்மையாகக் கேட்கும் என்பதை இத்தொழில் நாள்தோறும் மெய்ப்பிக்கிறது. ஃபோலி 1967இல் மறைந்தார். வாழ்நாளில் படங்களின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத அவர் பெயர், பின்னர் அத்தொழிலுக்கே பெயராயிற்று.

இந்தியாவில் குரலையும் உடலையும் பிரிக்கும் கலை பாட்டின் வழியே நுழைந்தது. 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் நிதின் போஸ் இயக்கிய ‘பாக்ய சக்ர’ பின்னணிப் பாடலுக்கு வழி திறந்தது. தமிழில் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ (1938) படத்தில் லலிதா வெங்கட்ராமன் நடிகை ஒருவருக்காகப் பின்னணி பாடினார். பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் மற்றொருவர் என்பதை மக்கள் அறிந்தே ஏற்றனர். உலகின் வேறு பல நாடுகள் தயங்கிய ஒரு பிரிவை இந்தியத் திரை வெளிப்படையாகவே கொண்டாடிற்று.

இங்கே தமிழிலக்கிய உலகம் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்த்திரையில் இலக்கியம் வசனமாகவும் பாட்டாகவும் நுழைந்தது. நுழைந்து பெருவெற்றியும் பெற்றது. ‘பராசக்தி’ (1952) வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்காத ஊர் அன்று இல்லை. வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்னும் பெயரில் படத்தின் வசனமும் பாட்டும் ஒலிபரப்பாக, திண்ணையில் அமர்ந்து கேட்டவர்கள் படத்தையே பார்த்த நிறைவு பெற்றனர். கோயில் விழாக்களிலும் திருமண வீடுகளிலும் ‘திருவிளையாடல்’ (1965) ஒலிபெருக்கி வழியே முழங்கிற்று. காட்சியில்லாமல் ஒலியை மட்டும் சுவைக்கும் காது தமிழருக்கு என்றோ வாய்த்துவிட்டது.

ஆனால், அந்தக் காதை நிறைத்தவை சொல்லும் இசையுமே. மூன்றாவதாகிய ஓசைக்கு, அதாவது காற்று, காலடி, கதவு, தொலைவில் குரைக்கும் நாய், பேச்சு நின்ற பின் அறையில் எஞ்சும் மூச்சு ஆகியவற்றிற்கு, இடம் எஞ்சவில்லை. சொல்வளம் மிகுந்ததனால் வந்த வறுமை இது. ‘ரீ-ரிக்கார்டிங்’ என்னும் சொல் எல்லா ஒலிகளையும் கலந்து மறுபதிவு செய்தலைக் குறிப்பது. தமிழ்த்திரையுலகில் அது பின்னணி இசை சேர்ப்பதையே குறிக்கலாயிற்று. சொல்லின் இப்பொருள் மாற்றம் ஒரு முழு வரலாற்றையும் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’ (1954), வசனம் சுருங்கிய மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979), பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) போன்றவை அவ்வப்போது அந்த மூன்றாம் ஓசைக்குக் கதவு திறந்தன. அவை விதிவிலக்குகளாகவே நின்றன.

அழுகையும் சாட்டையும்

வங்கத்தில் இருவர் வேறு வழி கண்டனர். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) படத்தில் நெடுநாள் வெளியூரில் இருந்த தந்தை வீடு திரும்புகிறார். மகள் துர்காவுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். மகள் இறந்துவிட்டாள் என்பதை அவர் அறியார். தாய் சர்வஜயா வாய்விட்டு அழுகிறாள். அந்த அழுகுரலை ராய் கேட்க விடவில்லை. அதனிடத்தில் தார் ஷெனாயின் உச்சநாதம் எழுகிறது. வாய் திறந்திருக்க, குரல் இல்லை. தொண்டையால் தாங்க இயலாத துயரத்தை ஒரு வாத்தியம் ஏற்றுக்கொண்டது.

ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ (1960) இன்னும் துணிந்தது. நாட்டுப் பிரிவினையால் அகதியான குடும்பத்தைத் தன் உழைப்பால் தாங்கும் மூத்த மகள் நீதா. தான் நேசித்தவன் தன் தங்கையை ஏற்றுக்கொண்டான் என்று அறிந்து அவள் படியிறங்குகிறாள். சாட்டை விளாசும் ஓசை கேட்கிறது. திரையில் சாட்டை இல்லை. அடிப்பவர் எவரும் இல்லை. அவ்வோசைக்குக் கதையில் காரணமே கிடையாது. ஆயினும், அதனைப் பொருளற்றது என்று எவரும் கூறார். அகப்பாடலில் கருப்பொருளின் வழியே வெளிப்படுத்தாமல் வெளிப்படும் உள்ளுறை போல, அந்தச் சாட்டை நீதாவின் வாழ்க்கை முழுவதையும் ஒரு நொடியில் கூறிவிடுகிறது.

பிரான்சில் ராபர்ட் பிரெஸ்ஸோன் இதற்கு மாறான வழியில், சிக்கனத்தின் வழியில் சென்றார். 1956இல் வெளியான அவருடைய சிறை தப்பும் படத்தில் ஒரு கைதியின் உலகம் நான்கு சுவர். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் காவலன் சாவியை உரசிச் செல்லும் ஓசை, தொலைவில் இரயில், கூரைமேல் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் ஆகியவற்றாலேயே சிறைச்சாலை எழுகிறது. தப்பும் இரவில் இன்னதென்று புரியாத ஒரு கிறீச்சொலி கேட்கிறது. இரு மதில்களுக்கு இடையே ஒரு காவலன் மிதிவண்டியில் சுற்றிவருகிறான் என்பது பின்னரே தெரிகிறது. கைதியும் பார்வையாளரும் ஒரே நேரத்தில் காதால் அஞ்சி, பிறகு கண்ணால் அறிகின்றனர்.

வால்டர் மர்ச்

எடிசன் கூடத்து உருளையையும் சுருளையும் 2000இல் சேர்த்துவைத்த தொகுப்பாளர் வால்டர் மர்ச். 1943இல் பிறந்த இவரிடத்தில் ஒலி, தொகுப்பு என்னும் இரு தொழில்களும் ஒன்றாயின.

‘டி.எச்.எக்ஸ். 1138’ (1971) படத்தில் எந்திரக் காவலர்களின் காலடியோசையைச் சேர்க்கும்போது ஒரு விதியை அவர் கண்டறிந்தார். ஒருவர் நடந்தால் ஒவ்வொரு காலடியும் காட்சியோடு பொருந்த வேண்டும். இருவர் நடந்தாலும் பொருந்த வேண்டும். மூவரானால் எந்த ஓசை எந்தக் காலுக்குரியது என்று மனம் எண்ணுவதை நிறுத்திவிடுகிறது, பொருத்தமும் தேவையற்றதாகிறது. மரங்கள் தோப்பாகும் எல்லை அது. தனிப்பொருளாகவும் தொகையாகவும் ஒன்றைக் காட்டும் நுண்ணிய கோடு எங்கே ஓடுகிறது என்பதைக் கால்களை எண்ணி அவர் கண்டார்.

‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் மைக்கேல் முதன்முறையாகக் கொலை செய்யும் உணவகக் காட்சியில் பின்னணி இசை இல்லை. துப்பாக்கியை எடுத்துவந்து அமர்ந்தவன் முகம் அசைவற்றிருக்கிறது. எங்கிருந்தோ ஓர் இரயில் நெருங்கி, தண்டவாளத்தில் சக்கரம் கிறீச்சிட்டு, காது பிளக்கும் அளவுக்கு வளர்கிறது. இரயில் எங்கும் காட்டப்படவில்லை. உயர்பாலத்தில் வண்டி ஓடும் பகுதி என்று பார்வையாளர் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவு உரத்த இரயில் உலகில் எங்கும் இல்லை. அது மைக்கேலின் மண்டைக்குள் ஓடுகிறது. சுட்டு முடித்துத் துப்பாக்கி தரையில் விழுந்த பிறகே இசை தொடங்குகிறது.

‘தி கான்வர்சேஷன்’ (1974) ஒலியையே பொருளாகக் கொண்ட படம். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்வதைத் தொழிலாகக் கொண்ட ஹாரி, சதுக்கம் ஒன்றில் உலவும் இளம் இணையரின் உரையாடலைப் பதிவுசெய்கிறான். வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான் என்னும் பொருள்பட அவர்கள் கூறும் தொடரை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கேட்கிறான். அழுத்தம் ‘கொன்று’ என்பதில் விழுகையில் அவர்கள் அஞ்சி நடுங்கும் அப்பாவிகள். இறுதியில் அதே தொடர் வேறாக ஒலிக்கிறது. அழுத்தம் ‘நம்மை’ என்பதில் விழுகிறது. அவன் கொல்வதற்குள் நாம் முந்திக்கொள்வோம் என்னும் சதி வெளிப்படுகிறது. பதிவின்போது நடிகர் ஒருமுறை மாற்றி அழுத்திப் பேசிய பிழையை மர்ச் எறிந்துவிடாமல் வைத்திருந்து, படத்தின் முடிவில் பயன்படுத்தினார். ஒரு சொல்லும் மாறவில்லை. அசையழுத்தம் மாற, அப்பாவி கொலைகாரனானான். ஓசையே பொருள் என்பதற்கு இதனினும் கடுமையான சான்று கிடைத்தல் அரிது.

‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்தில் மர்ச்சின் பணிக்கு ‘ஒலி வடிவமைப்பு’ என்னும் பெயர் வழங்கப்பட்டது. அரங்கின் முன்புறம் மூன்று, பின்புறம் இரண்டு ஒலித்தடங்கள், ஆழ்ந்த அதிர்வுக்கென ஒரு தனித்தடம் என்னும் அமைப்பில், அரங்கின் வெளியை எங்கெங்கே எதனால் நிரப்புவது என்பதை ஒரு கட்டடக் கலைஞரைப்போல் திட்டமிட்டமையால் வந்த பெயர் அது. தொடக்கத்தில் வியட்நாம் காடு தெரிகிறது. ஹெலிகாப்டரின் இறக்கையோசை இயற்கைக்கு மாறாக, தேய்ந்து துடிக்கிறது. சைகோன் விடுதி அறையில் கூரை விசிறி சுழல்கிறது. எது விசிறி, எது ஹெலிகாப்டர்? போரிலிருந்து உடலால் திரும்பியும் மனத்தால் திரும்பாத ஒரு சிப்பாயின் நோய் முழுவதும் அந்த ஐயத்தில் அடங்கிவிட்டது. அப்படத்திற்காகப் பதிவான காட்சிகளில் 95 பங்குக்கு ஒரு பங்கே படத்தில் இடம்பெற்றது என மர்ச் கணக்கிட்டுள்ளார். எறிந்த 94 பங்கும் தொகுப்பாளரின் எழுத்தே, அடித்தலும் எழுத்துத்தானே.

1988இல் சிட்னியில் ஆற்றிய உரையொன்றில், ஒரு நல்ல வெட்டுக்கு வேண்டிய ஆறு இயல்புகளுக்கு அவர் மதிப்பெண் வழங்கினார். இடத்தொடர்ச்சிக்கு மிகக் குறைவு. உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு. மற்ற ஐந்தையும் கூட்டினாலும் உணர்ச்சிக்கு நிகராகாது என்பதே அக்கணக்கின் உட்பொருள். ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ (1996) படத்திற்காகத் தொகுப்பு, ஒலி ஆகிய இரண்டுக்கும் ஆஸ்கர் விருது பெற்றார். கணிப்பொறியில் தொகுக்கப்பட்டு விருது பெற்ற முதல் படமும் அதுவே.

பேரொலியும் அமைதியும்

ஒளிக்கோட்டில் பதிந்த ஒலியில் எப்போதும் ஓர் இரைச்சல் உண்டு. அதனை மறைக்க 1938 முதல் அமெரிக்கத் திரையரங்குகளில் உயர்சுருதி ஒலிகளையே குறைத்து ஒலிபரப்பினர். இரைச்சலோடு கொலுசின் கிணுகிணுப்பும் இலைகளின் சலசலப்பும் போயின. ரே டால்பியின் இரைச்சல் நீக்கும் முறை 1970களில் திரைக்கு வந்தபோது மீண்டது அதுதான். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) அம்முறையின் பெருவெற்றி. அதன் ஒலிக்கலைஞர் பென் பர்ட், படக்கருவியின் மோட்டார் முனகலையும் தொலைக்காட்சிப் பெட்டியின் ரீங்காரத்தையும் கலந்து ஒளிவாளுக்கு ஓசை தந்தார்; யானையின் பிளிறலை ஈரச்சாலையில் விரையும் காரின் சத்தத்தோடு கலந்து விண்கலத்தைப் பறக்கவிட்டார்.

1992இல் டால்பி டிஜிட்டல், 1993இல் டி.டி.எஸ். எனப் புதுமுறைகள் தொடர்ந்தன. தமிழில் 1995இல் வெளியான ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியுடன் வந்தது. பாடல்களும் அதில் இல்லை. ஆயினும், புதுமுறைகளை அரங்குகள் பெரிதும் உரத்த ஒலியின் பெயராலேயே விளம்பரப்படுத்தின. இரைச்சல் நீங்கியதால் கிடைத்த மெய்யான பேறு அமைதி. அதனைச் செலவிட்டவர் சிலரே. பின்னர் மாற்றம் வந்தது. ‘லகான்’ (2001) படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அதன் ஒலிக்காகத் தேசிய விருதைப் பகிர்ந்துகொண்ட இருவருள் ஒருவர் சென்னையின் ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர். 2009இல் கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி, ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கலவைக்கு மேலும் இருவரோடு ஆஸ்கர் பெற்றார். ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை என்று இரண்டாக வழங்கிவந்த ஆஸ்கர் விருதும் 2021ஆம் ஆண்டு விழாவில் ஒன்றாக்கப்பட்டது. ஃபோலியைப் போன்றோர் பெயரின்றி உழைத்த துறை இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தது.

மதிலுக்கு அப்பால்

ஒலியையும் காட்சியையும் பிரிப்பது வெறும் நயமா, அழகுக்காகச் செய்யும் வித்தையா என்று கேட்பவருக்கு ஒரு விடை உண்டு. அது 2023இல் வெளியான ‘தி சோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’. ஜோனதன் கிளேசர் இயக்கியது. அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் தலைவன் ஹொஸ், முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் மனைவி மக்களோடு வாழ்ந்தான். முகாமுக்குள் நடந்த படுகொலைகளைப் படம் காட்டுவதே இல்லை. தோட்டம், பூக்கள், குழந்தைகள் நீந்தும் சிறு குளம், விருந்து, பிறந்தநாள் ஆகியவற்றையே கேமரா அமைதியாகக் காட்டுகிறது.

மதிலுக்கு அப்பால் நிகழ்வது முழுவதும் காதுக்கு மட்டும். ஓயாத உலையின் முழக்கம், இரயில் வந்து நிற்பது, நாய்கள், அதட்டல், துப்பாக்கி வெடிப்பு, தொலைவில் மனிதக் குரல்கள். ஒலி வடிவமைப்பாளர் ஜானி பர்ன் படப்பிடிப்புக்கு முன்பே சாட்சியங்களையும் முகாமின் வரைபடத்தையும் பயின்று, ஏறத்தாழ 600 பக்கத்திற்குக் குறிப்புகள் தொகுத்தார். எந்தக் கட்டடம் எவ்வளவு தொலைவில் இருந்தது, அங்கு எழுந்த ஒலி தோட்டத்தில் எவ்வாறு கேட்டிருக்கும் என்பது வரை கணக்கிட்டார். நடிகர்களை அலறச் செய்து பதிவதை அவர் விரும்பவில்லை. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் பதிந்த மெய்யான மனிதக் குரல்களைப் பயன்படுத்தினார். படத்தில் இரண்டு படங்கள் ஓடுகின்றன: ஒன்று காணப்படுவது, மற்றொன்று கேட்கப்படுவது. 2024இல் அப்படம் ஒலிக்கான ஆஸ்கரைப் பெற்றது.

அங்கே படுகொலையைக் காட்டியிருந்தால் பார்வையாளர் கண்ணைத் திருப்பிக்கொண்டிருப்பர், பழகியும் போயிருப்பர். காட்டாததால் தப்ப வழியில்லை. அதனினும் கொடியது ஒன்று நிகழ்கிறது. படம் ஓட ஓட, அரங்கில் இருப்பவர்க்கும் அந்த முழக்கம் மெல்ல மெல்லப் பழகத் தொடங்குகிறது. அந்தக் குடும்பத்திற்குப் பழகியதைப் போலவே. அதை உணரும் கணத்தில் ஒருவர் அடையும் நடுக்கமே படத்தின் பொருள். உருசியர் மூவரும் 1928இல் கலைநுட்பமாக வேண்டிய எதிர்நிலை, இங்கே அறத்தின் கருவியாகிவிட்டது.

தமிழ்த்திரைக்குத் தமிழ்க் கவிஞர் தந்த கொடை பெரிது. அது பாட்டாகவும் உரையாகவும் நிற்கிறது. காட்சிக்கும் சொல்லுக்கும் இடையே கிடக்கும் மூன்றாம் ஓசையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. திரைத்திறனாய்வு இன்னும் கதையையும் நடிப்பையும் பாட்டையும் எடைபோட்டு முடிந்துவிடுகிறது. படித்துறையில் துணி அடிக்கும் ஓசை எந்தப் படத்தில் என்ன பொருள் தந்தது என்று கேட்பார் அரியர். சொல்லாததைச் சொல்லவைக்கும் கலையில் இரண்டாயிரம் ஆண்டுப் பயிற்சி பெற்ற மரபு இது. அடுத்த முறை ஒரு படத்திற்குச் செல்பவர், பேச்சு நின்று பாட்டும் தொடங்காத அந்தச் சில விநாடிகளில் என்ன கேட்கிறது என்று கவனித்தால், அங்கே ஒருவர் அமர்ந்து எழுதியிருப்பது தெரியும்.